தோல்வியில் முடியும் ஆட்டங்கள்

பழைய வீடியோ ஆட்டங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் தங்கள் பால்யத்தைப் பற்றித்தான் எழுதுகிறார்கள். இருட்டுக் கூடம், காசு போட்டால் உயிர் பெறும் யந்திரம், சட்டைப் பையில் குலுங்கிய சில்லறை, பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்த நண்பன் எல்லாம் வந்துவிடுகின்றன. ஆட்டம் மட்டும் வருவதில்லை. ஞாபகம் இனிமையானது, சந்தேகமில்லை. ஆனால் ஞாபகம் விமர்சனமாகாது. பாட்டி மடியில் கேட்ட கதை என்பதற்காக ஒரு கதை நல்ல கதையாகிவிடுமா? பழையது என்ற ஒரே காரணத்துக்காகப் போற்றுவதும், பழையது என்ற ஒரே காரணத்துக்காக ஒதுக்குவதும் ஒரே சோம்பலின் இரண்டு முகங்கள்தாம்.

இந்த ஆட்டங்களில் சுடும் ஆட்டம் என்று ஒரு வகை உண்டு. ஒரு பீரங்கியோ விமானமோ நம் வசம் இருக்கும். எதிரிகள் மேலிருந்தோ பக்கவாட்டிலிருந்தோ வருவார்கள். சுட வேண்டும், சுடப்படாமல் தப்ப வேண்டும். கதை இவ்வளவுதான். 1978-க்கும் 1990-க்கும் இடையில் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் இந்த வகையில் எண்ணற்ற ஆட்டங்கள் வெளிவந்தன. அவற்றில் ஐந்தாறைச் சமீபத்தில் மறுபடியும் ஆடிப் பார்த்தேன். நாவல் எழுதுகிறவனுக்கு இதில் என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். ஒரு சிருஷ்டியின் உருவம் அதன் பொருளை எப்படிச் சுமக்கிறது என்பது எனக்குத் தொழில் முறையில் அக்கறையுள்ள கேள்வி. கதையே இல்லாத இந்த ஆட்டங்களில் அந்தக் கேள்வி வெகு சுத்தமாக எழுகிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

முதலில் 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்'. 1978-ல் ஜப்பானின் டைட்டோ நிறுவனத்துக்காக டோமோஹிரோ நிஷிகாடோ என்பவர் பெரும்பாலும் தனி ஆளாக இருந்து செய்தது. 11 பேர் கொண்ட வரிசைகள் ஐந்து. ஆக 55 ஜந்துக்கள். வலமாக நகர்ந்து சுவரைத் தொட்டதும் ஒரு படி கீழே இறங்கி இடமாக நகர்கின்றன. கீழே நம் பீரங்கி. அதற்கு முன்னால் நான்கு அரண்கள். நாம் விட்ட ஒரு குண்டு எதிலாவது பட்டோ திரையை விட்டு வெளியேறியோ தீர்ந்த பிறகுதான் அடுத்த குண்டை விடலாம். ஆகவே குறி தவறினால் குண்டு மட்டும் வீணாவதில்லை. அது மேலே போய் மறைகிற வரை நாம் கை கட்டி நிற்க வேண்டியிருக்கிறது. தவறுக்குக் காலத்தால் தண்டனை! இப்படி ஒரு விதியை யோசித்தவருக்கு நாடக உணர்ச்சி உண்டு என்று ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. ஜந்துக்கள் குறையக் குறைய, மீதமிருப்பவை வேகமாக நகர்கின்றன. கடைசி ஒன்று வெறி பிடித்தாற் போல் ஓடுகிறது. கூடவே ஒலிக்கும் நான்கு ஸ்வரங்களும் இருதயத் துடிப்பைப் போல விரைகின்றன. இந்த அமைப்பு திட்டமிட்டு வந்ததல்ல. அந்த யந்திரத்தில் இருந்த 8080 என்ற சில்லுக்குச் சக்தி போதவில்லை. திரை புதுப்பிக்கப்படும் ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு ஜந்துவைத்தான் அதனால் நகர்த்த முடிந்தது. 55 இருக்கும்போது எல்லாம் ஒரு அடி வைத்து முடிக்க ஏறக்குறைய ஒரு வினாடி ஆகும். ஐந்து இருக்கும்போது கண் இமைக்கும் நேரம் போதும். நிஷிகாடோ இதைக் கவனித்தார்; திருத்தவில்லை, வைத்துக்கொண்டார்.

தற்செயலாக வந்ததைக் கலை என்று எப்படிச் சொல்வது என்று ஒரு நண்பர் என்னோடு வாதாடினார். வெண்பாவில் தளை தட்டக் கூடாது என்பதற்காகக் கவிஞன் தேடிப் போகிற சொல், சில சமயம் அவன் முதலில் நினைத்த சொல்லை விட நல்ல சொல்லாக அமைந்துவிடுகிறது. அதைத் தற்செயல் என்று தள்ளிவிடுகிறோமா? கிடைத்ததில் எதை வைத்துக்கொள்வது என்று அறிகிற கணத்தில்தான் கலைஞன் தென்படுகிறான். இங்கே வைத்துக்கொள்ளப்பட்டது ஒரு பெரிய உண்மை: வெல்லுகிறவனுக்கு வேலை சுலபமாவதில்லை. எதிரிகளை ஒழிக்க ஒழிக்க மிச்சமுள்ள எதிரி பயங்கரமாகிறான். 55 பேரையும் ஒழித்துவிட்டால் பரிசு என்ன? அடுத்த 55 பேர், முன்னை விடக் கீழே, முன்னை விட நெருக்கத்தில் வந்து நிற்கிறார்கள். இன்னொன்று. நம்மைக் காக்கிற அரண்களை எதிரியின் குண்டுகள் மட்டும் அரிப்பதில்லை. அவற்றின் அடியில் நின்று நாம் மேலே சுடும் குண்டுகளும் அரிக்கின்றன. இதை உபதேசமாக யாராவது எழுதியிருந்தால் படித்துவிட்டுக் கொட்டாவி விட்டிருப்பேன். விரல்களின் வழியாக வருகிறபடியால் அது உறைக்கிறது.

அடுத்தது 'மிஸைல் கமாண்ட்'. 1980-ல் அமெரிக்காவின் அடாரி நிறுவனத்துக்காக டேவ் தியூரர் செய்தது. என் அபிப்பிராயத்தில் இந்த வகையின் சிகரம் இதுதான். திரையின் அடியில் ஆறு நகரங்கள், மூன்று ஏவுதளங்கள், தளத்துக்குப் பத்து ஏவுகணைகள் வீதம் அலை ஒன்றுக்கு முப்பது. வானத்திலிருந்து கோடு கோடாக அணு ஆயுதங்கள் இறங்குகின்றன. இங்கே நாம் யாரையும் தாக்குவதில்லை. எதிரியின் ஊரும் முகமும் எங்கும் காட்டப்படுவதில்லை. இறங்கி வருவது எங்கே வந்து சேரும் என்று கணித்து, அந்த வெற்றிடத்தில் நம் கணையை வெடிக்க வைக்க வேண்டும். அந்த நெருப்புக்குள் வந்து விழுந்தால் அது அழியும். இருக்கிற இடத்தில் சுட்டுப் பயனில்லை. இருக்கப் போகிற இடத்தில் சுட வேண்டும்.

ஆறு நகரங்களையும் கடைசி வரை காப்பாற்ற முடியாது. சிறிது நேரம் ஆடியதுமே இது தெரிந்துவிடுகிறது. தெரிந்த பிறகு நாம் என்ன செய்கிறோம் என்பதுதான் ஆட்டம். இடது ஓரத்து நகரத்தைக் கை விட்டுவிடலாம், நடுவில் உள்ள இரண்டைக் காக்கலாம் என்று கணக்குப் போடத் தொடங்குகிறோம். திரையில் அந்த நகரம் சில நீலப் புள்ளிகள்தான். அதில் யார் இருக்கிறார்கள் என்று ஆட்டம் சொல்வதில்லை. ஆனாலும், "இது போகட்டும்" என்று மனம் தீர்மானிக்கிற அந்தக் கணத்தில் ஒரு சிறு குளிர் முதுகில் ஓடுகிறது. படைத் தலைவர்களும் ராஜதந்திரிகளும் காகிதத்தில் போடுகிற கணக்கை நம் கை போட்டுவிட்டது. தியூரர் இதைச் செய்துகொண்டிருந்த காலத்தில் அணுகுண்டு விழுவதாகக் கெட்ட கனவுகள் கண்டதாகச் சொல்லியிருக்கிறார். அதில் எனக்கு ஆச்சரியமில்லை. கடைசி நகரம் விழுந்ததும், மற்ற யந்திரங்களைப் போல 'ஆட்டம் ஓய்ந்தது' என்று இது அறிவிப்பதில்லை. திரை முழுவதும் ஒரு வெடிப்பு விரிந்து, அதனுள் 'முடிவு' என்ற பொருள்படும் இரண்டே சொற்கள் தோன்றுகின்றன. அந்த வேறுபாட்டை உணர மொழிபெயர்ப்பு தேவையில்லை.

1981-ல் வந்த இரண்டு ஆட்டங்களையும் சொல்ல வேண்டும். யூஜின் ஜார்விஸ் வில்லியம்ஸ் நிறுவனத்துக்காகச் செய்த 'டிஃபெண்டர்' ஒரு கைப்பிடியும் ஐந்து பொத்தான்களும் கொண்டது. இரண்டு கை போதாது என்று முதலில் தோன்றும். தரையில் பத்து மனிதர்கள். அந்நிய விமானங்கள் இறங்கி அவர்களைத் தூக்கிக்கொண்டு மேலேறுகின்றன. தூக்குகிறவனைச் சுட்டால் மனிதன் விழுவான். விழுகிறவனைப் பாய்ந்து பிடித்துத் தரையில் விட வேண்டும். அவசரத்தில் நம் குண்டே அவனைக் கொல்லவும் கூடும். பத்துப் பேரும் போனால் நிலம் முழுவதும் வெடித்துச் சிதறுகிறது. அதன் பிறகும் ஆட்டம் நடக்கிறது, காப்பதற்கு யாருமே இல்லாத வெறும் வானத்தில். காரணம் போன பிறகும் சண்டை ஓயாத அந்த வெறுமையை நான் சில நல்ல யுத்த நாவல்களில்தான் கண்டிருக்கிறேன்.

நாம்கோவின் 'கலாகா' இவ்வளவு கனமானதல்ல. ஆனால் அதில் ஆசையைப் பற்றி ஒரு நுட்பம் இருக்கிறது. எதிரித் தலைவன் ஒளிக்கற்றை வீசி நம் விமானத்தைச் சிறை பிடிப்பான். மிச்சம் விமானம் இருந்தால், அவன் கீழே பாய்ந்து வரும்போது அவனைச் சுட்டுச் சிறைப்பட்டதை மீட்கலாம். மீட்டால் இரண்டு விமானங்களும் ஒட்டிக்கொண்டு இரட்டைக் குண்டு பொழியும். ஆகவே வேண்டுமென்றே சிறைப்படுவது ஒரு தந்திரமாகிறது. ஆனால் இரட்டை விமானம் இரட்டை அகலம். எதிரிக்குக் குறி வைக்க அவ்வளவு சௌகரியம். வல்லமை கூடும்போதே ஆபத்தும் அதே அளவு கூடுகிறது. ஒரு சிறுகதைக்கு இது போதும்.

இனி, இந்த ஆட்டங்களின் மேல் சொல்லப்படும் பெரிய குற்றச்சாட்டுக்கு வருகிறேன். இவை கடினமாக இருந்தது கலைக்காக அல்ல, காசுக்காகத்தான் என்கிறார்கள். ஆடுகிறவன் சீக்கிரம் தோற்றால்தான் அடுத்த நாணயம் விழும். தோற்றவன், "இன்னும் ஒரு தடவை" என்று சொல்லும்படியும் இருக்க வேண்டும். ஜப்பானில் 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' வந்தபோது 100 யென் நாணயத்துக்கே பஞ்சம் வந்துவிட்டது என்று ஒரு கதை உலவுகிறது. அது வெறும் கதைதான்; ஆனால் அப்படி ஒரு கதை பிறந்ததே யந்திரங்கள் எவ்வளவு காசை விழுங்கின என்பதற்கு அடையாளம்.

குற்றச்சாட்டு உண்மை. ஆனால் அதிலிருந்து முடிவு எதுவும் தானாகப் பிறப்பதில்லை. நம் தமிழ் நாவல்களில் பெரும் பகுதி பத்திரிகைத் தொடர்கதைகளாகத்தானே வந்தன? கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை வாரா வாரம் வந்தது. வாரக் கடைசி வரியில் கதவு தட்டப்படுவதும், திரைச்சீலை அசைவதும் அடுத்த இதழ் விற்பதற்காகத்தான். அந்த நிர்ப்பந்தம் பல எழுத்தாளர்களைக் கெடுத்தது. சிலருக்குக் கதையின் ஓட்டத்தைக் கற்றுக் கொடுத்தது. நாணயமும் அப்படித்தான். மூன்று நிமிஷத்துக்குள் ஒருவனை ஈர்த்து, அவனுக்கு நியாயமாகப் படும்படி தோற்கடிக்க வேண்டும் என்ற நிர்ப்பந்தம் இருந்தபடியால், அனாவசியமான ஒரு கோடு கூட அந்தத் திரைகளில் இல்லை. 'நியாயமாகப் படும்படி' என்பதுதான் அதில் முக்கியம். அநியாயமாகத் தோற்றவன் திரும்பி வருவதில்லை. அநியாயமான யந்திரங்களும் ஏராளமாக வந்தன. அவற்றை இன்று யாரும் தேடி எடுத்து ஆடுவதில்லை.

யந்திரம் கூடத்தை விட்டு வீட்டுக்கு வந்தபோது என்ன ஆயிற்று? நாணயம் போய்விட்டது. அதோடு சேர்ந்து வேறு சிலவும் போயின. 1980-ல் அடாரியின் வீட்டுப் பெட்டிக்கு வந்த 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' 55 ஜந்துக்களை 36 ஆக்கியது. பதிலுக்கு 112 விதமான ஆட்டங்கள் என்று விளம்பரம் செய்தது. பெட்டியின் விற்பனை பல மடங்கு உயர்ந்தது. 'மிஸைல் கமாண்டின்' வீட்டுப் பதிப்பில் மூன்று தளங்கள் ஒன்றாயின. கூடவே ஒரு கதையையும் ஒட்டினார்கள்: இது பூமியே அல்லவாம், ஸார்டான் என்ற கிரகமாம், தாக்குகிறவர்கள் க்ரைட்டால் என்ற கிரகத்தாராம்! தியூரர் முதலில் அந்த ஆறு நகரங்களைக் கலிஃபோர்னியாவின் ஊர்களாகவே நினைத்திருந்தார். கூடத்து யந்திரத்திலேயே ஊர்ப் பெயர்கள் நீக்கப்பட்டன. வீட்டுக்கு வந்தபோது பூமியும் நீக்கப்பட்டது. முற்றத்துக்கு வருகிற பாம்பின் பல்லைப் பிடுங்கிவிட்டார்கள்.

அடுத்த கட்டம் கொனாமியின் 'கிராடியஸ்'. கூடத்தில் 1985-லும் ஜப்பானிய வீட்டுப் பெட்டியில் 1986-லும் வந்தது. அதில் வழியில் கிடைப்பவற்றைச் சேர்த்துச் சேர்த்து ஆயுதம், வேகம், கவசம் என்று விமானத்தை வளர்க்கிறோம். ஒரு தடவை அடிபட்டால் எல்லாம் போய், வெறும் விமானத்தோடு நிற்கிறோம். சம்பாதித்ததை ஒரே இரவில் இழந்த குடும்பஸ்தனின் நிலை. வீட்டுப் பதிப்பைத் தயாரித்த கஸுஹிஸா ஹாஷிமோட்டோவுக்கே ஆட்டம் கடினமாக இருந்ததாம். சோதித்துப் பார்க்க வசதியாக, மேல், மேல், கீழ், கீழ், இடம், வலம், இடம், வலம், பிறகு இரண்டு பொத்தான்கள் என்று ஒரு ரகசிய வரிசையை வைத்தார். அழுத்தினால் ஆயுதங்கள் அனைத்தும் வந்துவிடும். அது நீக்கப்படாமலே வெளியாகி, உலகம் முழுவதும் சிறுவர்களின் மந்திரமாயிற்று. ஹாஷிமோட்டோ 2020-ல் காலமானபோது பலர் அந்த மந்திரத்தைச் சொல்லித்தான் அவரை நினைவு கூர்ந்தார்கள்.

அந்த மந்திரத்தை நான் குறை சொல்ல மாட்டேன். அதைத் தெரிந்துகொள்ள யாரோ ஒரு நண்பன் வேண்டியிருந்தது. எனக்கு ஆட்சேபம் வேறொன்றில். இப்பொழுது பழைய ஆட்டங்களைத் தொகுத்து மறுபதிப்பாக வெளியிடுகிறார்கள். அது நல்ல காரியம். அவை இல்லாவிட்டால் இந்தக் கட்டுரையே இல்லை. ஆனால் பல பதிப்புகளில் பின்னோக்கிச் சுருட்டுகிற வசதி ஒன்று இருக்கிறது. அடிபட்டதும் ஒரு பொத்தானை அழுத்தினால் காலம் பின்னால் ஓடும். அடிபடாத கணத்துக்குப் போய் மறுபடியும் தொடங்கலாம். அந்த வசதியோடு ஒரு முறை 'கிராடியஸை' முடித்துப் பார்த்தேன். எல்லாக் காட்சிகளையும் பார்த்தேன். எல்லாப் பூதங்களையும் கொன்றேன். ஆட்டத்தை மட்டும் ஆடவில்லை என்று தோன்றிற்று. இழப்பே இல்லாத இடத்தில் சேர்ப்பதற்கு அர்த்தம் ஏது?

முதியவர்களும் விரல் ஒத்துழைக்காதவர்களும் நேரமில்லாதவர்களும் இந்த ஆட்டங்களைப் பார்க்க வேண்டாமா என்றால், பார்க்கத்தான் வேண்டும். சுருக்கப் பதிப்பில் மகாபாரதம் படிப்பதை யார் தடுக்க முடியும்? படித்தது சுருக்கம் என்ற ஞாபகம் இருந்தால் போதும். பதிப்பாளர்கள் அந்த ஞாபகத்தைத்தான் அழிக்கிறார்கள். வசதியை முன்னால் வைத்து, மூலத்தைப் பட்டியலின் அடியில் ஒளித்துவிடுகிறார்கள். அப்படியே போனால், 'மிஸைல் கமாண்டில்' ஒரு நகரம் விழுந்ததும் சுருட்டி எடுத்து நிமிர்த்திவிடுகிற தலைமுறை, விழுந்த நகரத்தை ஒரு தொழில்நுட்பக் கோளாறாகத்தான் எண்ணும். எனக்கு உண்மையில் கவலை தருவது இதுதான்.

குறையைக் களைகிறேன் என்று உயிரைக் களைவதற்கு இன்னொரு உதாரணம். 1990-ல் சூப்பர் ஃபாமிகாம் பெட்டிக்கு வந்த 'கிராடியஸ் 3'-ல் திரை நிறைந்ததும் ஆட்டமே மந்தமாகிவிடும். பெட்டிக்கு மூச்சு வாங்கும். 2019-ல் ஒரு ரசிகர் அந்த மந்தத்தை முற்றிலும் போக்கி ஒரு திருத்தம் வெளியிட்டார். சாமர்த்தியமான வேலை. ஆனால் திருத்திய ஆட்டம் பழையதை விடப் பன்மடங்கு கடினம். அந்த மந்தகதியில்தான் ஆடுகிறவன் யோசித்துக்கொண்டிருந்தான் என்பது அப்போதுதான் புரிந்தது.

சுடுவது என்ற செயலைப் பற்றியும் ஒரு வார்த்தை. நிஷிகாடோ மனித உருவங்களைச் சுடும்படி அமைத்துப் பார்த்தபோது நிறுவனம் மறுத்துவிட்டது. அதனால்தான் ஜந்துக்கள் வந்தன. 1984-ல் கேப்காம் என்ற ஜப்பானிய நிறுவனம் '1942' என்று ஓர் ஆட்டம் வெளியிட்டது. அதில் நாம் ஓட்டுவது அமெரிக்க விமானம். சுட்டு வீழ்த்துவது ஜப்பானிய விமானங்களை. போய்ச் சேர வேண்டிய இடம் டோக்கியோ. எண்ணிப் பார்த்தால் திகைப்பாக இருக்கிறது. ஆனால் ஆட்டம் எண்ணிப் பார்க்க இடம் தருவதில்லை. கரணம் அடிக்கிற விமானமும், வரிசை வரிசையாக வந்து வெடிக்கிற சிறு விமானங்களும் ஸ்வாரஸ்யமாகவே இருக்கின்றன. அதுதான் என் குறை. இவ்வளவு பெரிய விஷயத்தைத் தொட்டுவிட்டு அதைப் பற்றி ஒன்றுமே சொல்லாமல் நகர்கிறது. ஊர்ப் பெயர் எதுவும் சொல்லாத 'மிஸைல் கமாண்ட்' யுத்தத்தைப் பற்றி எவ்வளவோ சொல்லிவிடுகிறது.

பின்னால் வந்தவர்கள் குண்டு மழையைக் கலையாக்கினார்கள். டோயாப்லான் 1993-ல் வெளியிட்ட 'பாட்ஸுகன்', அந்த நிறுவனம் திவாலான பிறகு அதன் ஆட்களில் சிலர் தொடங்கிய கேவ் 1997-ல் வெளியிட்ட 'டோடோன்பாச்சி' ஆகியவற்றில் திரை முழுவதும் குண்டுகள் கோலம் போடுகின்றன. நம் விமானத்தின் நடுவிலுள்ள மிகச் சிறிய பகுதியில் பட்டால்தான் மரணம். அந்தக் கோலத்தின் இடுக்கில் நுழைந்து வருவது பிரமிக்கத்தக்க காரியம். பிருகாக்களால் நிரம்பிய கச்சேரியைக் கேட்பதைப் போல இருக்கிறது. கை தட்டுகிறோம், ராகம் எது என்று வீட்டுக்கு வந்து யோசிக்கிறோம். விதிவிலக்காக ட்ரெஷர் நிறுவனத்தார் 2001-ல் வெளியிட்ட 'இகாருகா'வைச் சொல்வேன். அதில் விமானம் வெள்ளையாகவும் கறுப்பாகவும் மாறும். தன் நிறத்துக் குண்டை உண்டு வலிமை பெறும், எதிர் நிறத்தால் சாகும். எதிரியின் ஆயுதமே ஆகாரமாகிற அந்த ஒரே எண்ணத்திலிருந்து முழு ஆட்டமும் கிளைக்கிறது. நல்ல உருவம் என்று நான் சொல்வது இதைத்தான்.

ஆகவே என் தீர்ப்பு இது. இந்த வகையில் காலத்தைத் தாண்டி நிற்பவை சில. மற்றவை பொழுதுபோக்குகள், அதில் இழிவு ஒன்றுமில்லை. நிற்பவற்றில் 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்', 'மிஸைல் கமாண்ட்', 'டிஃபெண்டர்' மூன்றுக்கும் பொதுவான ஒரு லட்சணம் உண்டு. அவற்றில் வெற்றி என்று ஒரு முடிவு கிடையாது. எவ்வளவு நேரம் தாக்குப் பிடித்தோம், எதைக் காக்க முயன்றோம் என்பதுதான் கணக்கு. இக்காலத்தில் பெரும் பொருட்செலவில் வருகிற ஆட்டங்கள் பலவும் ஆடுகிறவனை வீரனாக்கி அனுப்பவே ஆசைப்படுகின்றன. அவனுக்கு அவனுடைய அளவைக் காட்டி அனுப்ப இந்தப் பழைய யந்திரங்களுக்குத் துணிவு இருந்தது.

ஆடிப் பார்க்க விரும்புகிறவர்கள் 'மிஸைல் கமாண்டில்' தொடங்கலாம். கூடத்து யந்திரத்தின் பதிப்பையே தேடி எடுங்கள். சுருட்டும் பொத்தானைத் தொட வேண்டாம். பத்து நிமிஷத்துக்குள் தோற்றுவிடுவீர்கள். எந்த நகரத்தை முதலில் கை விட்டீர்கள் என்று மட்டும் கவனித்து வையுங்கள்.